கன்னியம்மாவின் பாடும் என் டர்பைனும்

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஒன்பது பேர் இருந்தோம். பத்தாவதாக ஒரு கூடை நண்டு. என் மடியில் இருந்த கருவிப்பெட்டியைப் பார்த்து எதிரே இருந்த இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள்.

"இந்தப் பொம்பளை பெட்டியில் என்ன வைத்திருப்பாள்?"

"கனத்தைப் பார்த்தால் தங்கம். ஆளைப் பார்த்தால் இரும்பு."

எங்கள் வீட்டில் அம்மா வழியில் தெலுங்குதான். "இரும்புதாம்மா, ஸ்பேனர்" என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். இறங்குவதற்குள் எனக்கு ஒரு கொய்யாப்பழம் கிடைத்துவிட்டது.

அன்றைக்கு எனக்கு யார் என்ன சொன்னாலும் சிரிப்புத்தான் வந்திருக்கும். கோயம்புத்தூரில் பதினாலு வருடமாகப் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் சுற்றிக்கொண்டிருந்தவளை போனில் கூப்பிட்டு, எங்க ஊர்ல ஒரு காஸ் டர்பைன் கீது, வந்து பாக்கறீங்களா என்று கேட்டால் எப்படி இருக்கும்? ஒரு காலத்தில் நான் டர்பைனுக்கு மட்டும் வேலை பார்த்தவள். தலைகால் புரியாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

விமான இறக்கைக்கு அடியில் தொங்குகிறதே, அந்த ஜாதி இயந்திரம் அது. காற்றை உறிஞ்சி, அழுத்தி, அதில் டீசலைத் தெளித்துக் கொளுத்தி, அந்தச் சூட்டுக் காற்றாலேயே சக்கரத்தைச் சுற்றவைக்கும். சக்கரத்தோடு ஜெனரேட்டரை மாட்டினால் கரண்ட் வரும். ஊர் கரண்ட் போனால் ஒரு நிமிடத்துக்குள் எழுந்து பாரத்தைத் தூக்கிக்கொள்ளும். டீசலைக் குடிக்கிற குடிக்குத் திட்டலாம், வேறு குறை சொல்ல முடியாது. எடை குறைவு என்பதால் பட்டணத்தில் பெரிய கட்டிடங்களின் மொட்டைமாடியில் வைப்பார்கள். அதில் ஒன்று மீனவக் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது எப்படி என்று ஆட்டோவில் யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்தது.

படகுத்துறையில் தேசம்மா நின்றிருந்தாள். என்னைக் கூப்பிட்டவள் அவள்தான். நாற்பது வயசு இருக்கும். கட்டைக்குரல். கோட்டைக்குப்பத்தைத் தாண்டி ஏரி ஓரத்தில் இருக்கிற அவள் குப்பத்தில் பெண்கள் சேர்ந்து ஒரு ஐஸ் பேக்டரியும் குளிர் அறையும் நடத்துகிறார்கள். அவள் அதற்குத் தலைவி. ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு கேட்டுக்கொண்டாள். எழுதவில்லை.

"வாக்கா. பெட்டிய நான் தூக்குறேன்" என்றாள். நான் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம்.

ஏரியில் அன்றைக்குத் தண்ணீர் குறைவு. பாதி வழியில் படகு சேற்றில் குந்திவிட்டது. படகுக்காரர் இன்ஜினைத் தூக்கி உள்ளே போட்டுவிட்டு, அமைதியாகப் பீடி பற்றவைத்தார். "இறங்கி நடந்தா அஞ்சு நிமிசம். குந்திகினு இருந்தா தண்ணி ஏற ரெண்டு அவர்" என்றார். இறங்கினேன். முழங்கால் வரைக்கும் சேறு. இரண்டாவது அடியில் வலதுகால் செருப்பு போனது, நாலாவது அடியில் இடதும் போனது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்று என்னைப் பார்த்தன. நொய்யலில் கணுக்கால் நனைத்து வளர்ந்தவள் நான். எனக்கு இது வெளிநாடு. சிரிப்பு தாங்காமல் நடுவில் நின்றுவிட்டேன்.

"இன்னாக்கா, அழுவுறியா?" என்றாள் தேசம்மா.

"இல்லீங்க, சிரிக்கறேன்."

"அப்ப நட."

மதியம் அவள் வீட்டில் மடவை மீன் குழம்பு, நண்டு ரசம், சென்னாகுன்னிப் பொடி. சென்னாகுன்னி என்பது அரிசி அளவு இறால். காயவைத்து, வறுத்து, மிளகாயோடு இடித்துச் சோற்றில் போடுவார்கள். எங்கள் ஊரில் அரிசியும்பருப்புச் சாதத்துக்கு நெய் ஊற்றிக்கொண்டு உலகத்திலேயே பெரிய சாப்பாடு இதுதான் என்று பேசுவோம். அந்தப் பேச்சை இனி நான் பேசப் போவதில்லை. மூன்று தடவை சோறு வாங்கினேன்.

சாப்பிடும்போதுதான் விஷயத்தைச் சொன்னாள். பட்டணத்தில் ஒரு கட்டிடத்தை இடித்தபோது இந்த டர்பைனை ஏலத்தில் எடுத்திருக்கிறார்கள். மற்ற ஜெனரேட்டர் எதையும் இந்தச் சேற்றைத் தாண்டிக் கொண்டுவர முடியாது. இதை மட்டும் இரண்டு படகைச் சேர்த்துக் கட்டி ஏற்றிவந்துவிட்டார்கள். ஆறவைக்கத் தண்ணீர் வேண்டாம் என்பது இன்னொரு வசதி. உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு ரேடியேட்டரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. முதலில் ஜோராக ஓடியிருக்கிறது. போன புயலில் நாலு நாள் கரண்ட் இல்லை. முதல் மணி நேரத்திலேயே டர்பைன் நின்றுவிட்டது. எத்தனை தடவை கிளப்பினாலும் நின்றது. ஒரு அறை இறால் அழுகிப்போனது.

"அத்தினி பேர் ஊட்டு இறாலு. நான்தான் இத்த வாங்கணும்னு ஒத்தக்கால்ல நின்னேன். எவ மூஞ்சியிலயும் முழிக்க முடியல" என்றாள். சாப்பாட்டைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

ஊர் நிர்வாகி ஏழுமலை, இதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று முடிவு சொல்லிவிட்டார். தேசம்மா மன்றாடி ஒரு வாய்ப்பு வாங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை ஊர் கூடும். ஐஸ் பேக்டரி, குளிர் அறை இரண்டையும் டர்பைன் ஒரு மணி நேரம் நிற்காமல் தாங்க வேண்டும். நின்றால் அன்றைக்கே இரும்புக்காரர் வெட்டி எடுத்துக்கொண்டு போவார். அதற்கப்புறம் அடுத்த புயலுக்கு இந்தப் பெண்களிடம் ஒன்றும் இருக்காது. குளிர் அறையையும் மூட வேண்டியதுதான்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு பெரிய பீரோவைப் படுக்கவைத்த அளவில் பச்சை பெயின்ட் அடித்த பெட்டி. பதினாலு வருடம். கையை வைத்துத் தடவினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமாகத்தான் இருந்தது.

ஸ்விட்சைப் போட்டேன். முதலில் ஒரு முனகல், அப்புறம் விசில். விசில் மேலே மேலே ஏறிக்கொண்டே போய்க் காதைத் தாண்டிவிடும் போல இருந்தது. ஊர் நாய்கள் அத்தனையும் சேர்ந்து பாடின. நான் கொட்டகைக்குள் கைதட்டிக்கொண்டு குதித்தேன். அந்த நேரம் பார்த்து ஒரு ஒல்லியான பெண் இடுப்பில் கூடையோடு தலைதெறிக்க ஓடி வந்தாள். அவள் வந்து சேரும்போது, அதாவது ஒன்பதாவது நிமிடத்தில், சூட்டைக் காட்டுகிற முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. டர்பைன் தானே நின்றுவிட்டது. அந்தப் பெண் இயந்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

"யாருங்க அது?"

"கன்னியம்மா" என்றாள் தேசம்மா. அவள் முகம் விழுந்துபோயிருந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் இட்லிக்கு நேற்று வைத்த மீன் குழம்பு. இதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். எழுதாமல் வேலைக்குப் போனேன்.

டர்பைன் சூடேறி நிற்கிறது என்றால் முதலில் மூச்சைப் பார்க்க வேண்டும். காற்று உள்ளே போகிற வழியில் அடைப்பு இருந்தால், டீசல் எரிகிற இடத்துக்குக் காற்று போதாமல் சூடு தலைக்கேறும். கொட்டகையின் கிழக்குப் பக்கத்தில் காற்றை உறிஞ்சுகிற வாய். மூடியைக் கழற்றினேன். அங்கே வரிசையாக ஆறு பில்டர் இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லை. வெறும் கம்பிவலைதான் இருந்தது. விளக்கைப் பிடித்துக்கொண்டு உள்ளே தலையை விட்டேன். காற்றை அழுத்துகிற சக்கரத்தின் இதழ்களில் விரல் நகக் கனத்துக்கு வெள்ளையாக அப்பியிருந்தது. சுரண்டி நாக்கில் வைத்தேன், உப்பு. உப்புக்கு நடுவில் மினுக்மினுக்கென்று மீன் செதில். செதிலுக்கு நடுவில் மெல்லிசாக, மீசை மாதிரி என்னவோ. விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். சென்னாகுன்னிக் கால்.

நான் கோபக்காரி. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தேசம்மாவுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

"டர்பைனுக்குள்ள சென்னாகுன்னி எப்படிங்க வரும்? நேத்து நான் தின்ன பொடி இதுதானா?" என்று கத்தினேன்.

அவள் டர்பைன் வாயைக் கைகாட்டினாள். அப்புறம், "காத்துக்கு வெச்சோம்க்கா" என்றாள்.

மெதுவாக வெளியே வந்தது. செவ்வாய்க்கிழமைதோறும் அரைமணி நேரம் டர்பைனை ஓட்டிப் பார்ப்பார்கள். ஓடும்போது கிழக்கு வாயில் காற்று இழுக்கிற இழுப்பில் புடவையே பறந்துவிடும். இந்தப் பெண்களுக்குக் காற்றென்றால் விளையாட்டில்லை. வாடையா, கொண்டலா, கச்சானா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். உப்புப் போட்ட மீனில் முதல் ஈரம் போகிற நேரத்தில்தான் ஈ மொய்த்துக் கெடுக்கும். டர்பைன் வாயில் பரப்பினால் அரைமணியில் முதல் ஈரம் போய்விடுகிறது, ஈயும் அண்டுவதில்லை. அதற்குப் பெயர்கூட வைத்துவிட்டார்கள். மிஷின் வாடை.

"பில்டரு எங்க?"

"அது இருந்தா காத்து வேகமா வர்ல. எடுத்துட்டோம். ஒண்ணும் வீசல, பத்திரமா கீது."

பத்திரமாகத்தான் இருந்தது. நண்டுத் தொட்டிகளுக்கு மூடியாக.

தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்புறம் சிரிப்பு வந்தது. கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தால் எனக்கு விக்கல் எடுக்கும். விக்கலோடு, "இந்த யோசனை யாருதுங்க?" என்று கேட்டேன்.

"என்துதான்" என்றாள். அப்போதுதான் அவளுக்கே முழுசாக உறைத்தது. "அப்ப அந்த இறாலு அத்தினியும் என்னாலயா போச்சு?" என்று கேட்டாள். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. ஆமாம் என்றேன். ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். விக்கல் மட்டும் நிற்கவில்லை. கடைசியில் அவளே எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

டர்பைனைக் குளிப்பாட்ட வேண்டும் என்றேன். பற்றவைக்காமல் ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றவிட்டு, சோப்புத் தண்ணீரை உள்ளே பீய்ச்சி ஊறவிட்டு, நல்ல தண்ணீரால் அலச வேண்டும். ஏரித் தண்ணீர் ஆகாது, ஆழ்குழாய்த் தண்ணீரும் ஆகாது. உப்பே இல்லாத தண்ணீர் வேண்டும். எங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீரைக் காரைக் கழுவ ஊற்றுகிறார்கள். இங்கே குடிக்கிற தண்ணீர் கேனில், படகில் வருகிறது. ஆளுக்கு ஒரு குடம் என்று பதினாறு வீட்டுப் பெண்கள் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தக் குடங்களைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

குளியல் சாயங்காலம் வரை நடந்தது. சுற்றவிடுவேன், பீய்ச்சுவேன், பேட்டரி களைத்துப்போகும், காத்திருப்போம். அடியில் வடிந்த தண்ணீர் சாம்பல் நிறத்தில், செதிலோடு, ஊரே மணக்கும் வாசனையோடு வந்தது. "யக்கா, இதுல ரெண்டு கத்திரிக்கா போட்டா கொயம்பு ரெடி" என்று ஒருத்தி சொன்னாள். தேசம்மாகூடச் சிரித்துவிட்டாள். நாலாவது அலசலில் தண்ணீர் தெளிந்தது. டர்பைனோடு ஏலத்தில் வந்து பிரிக்காமல் கிடந்த மாற்று பில்டர்களை மாட்டினேன். பேட்டரியில் உயிர் இல்லை. சார்ஜில் போட்டோம். அதனால் ஓட்டிப் பார்க்க முடியவில்லை. நேராக வெள்ளிக்கிழமைதான்.

"இனிமேல் இந்த வாய்க்கு முன்னாடி ஒரு நெத்திலிகூட வரக்கூடாது" என்று எல்லோரிடமும் சொன்னேன். தலையாட்டினார்கள். கன்னியம்மா தலையாட்டவில்லை. நான் கவனித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ஊரே கொட்டகையைச் சுற்றி நின்றது. கரையில் இரண்டு படகைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு இரும்புக்காரர் வந்துவிட்டார். இரும்பை அறுக்கிற சிலிண்டரும் கூடவே வந்திருந்தது. ஏழுமலை வெள்ளை வேட்டியில், கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்ட மனிதர் இல்லை. என்னிடம், "டீ சாப்டீங்களாம்மா?" என்றுதான் முதலில் கேட்டார்.

கிழக்குப் பக்கம் போனால், டர்பைன் வாய்க்கு முன்னால் தார்ப்பாய் விரித்து, காரப்பொடி என்கிற சின்ன மீனைப் பரப்பிவிட்டு, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள் கன்னியம்மா.

"எழுந்திரும்மா" என்றேன்.

"என் பாடு" என்றாள்.

பாடு என்றால் முறை. ஏரியில் மீன் விழுகிற இடம் குறைவு, வலை அதிகம். அதனால் சீட்டுப் போட்டு, எந்த நாளில் எந்த வலை எந்த இடத்தில் என்று முறை வைத்திருக்கிறார்கள். அது விழுந்தவனுக்கு விழுந்ததுதான், யாரும் தொட முடியாது. டர்பைன் வாயில் எட்டடி இடம்தான் இருக்கிறது, பெண்கள் பதினாறு பேர். அவர்களும் சீட்டுப் போட்டிருக்கிறார்கள். பதினைந்து பேருக்கு முறை முடிந்துவிட்டது. கன்னியம்மா பதினாறாவது. அவள் முறை வருவதற்குள் புயலில் டர்பைன் நின்றுவிட்டது.

"புதன்கிழமை ஓடுச்சேம்மா" என்று கெஞ்சினேன்.

"ஒம்போது நிமிசம். அது பாடு ஆவாது. பதினஞ்சு வாரமா அவளுங்க காயவெச்சத பாத்துகினு இருந்தவ நான். என் மொறைக்கு மட்டும் சட்டமா?"

ஏழுமலையைப் பார்த்தேன். இவர் சொன்னால் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவர் கையை விரித்தார். "பாடுன்னா பாடுதாம்மா. நான் எயுப்ப முடியாது. எங்க நைனா காலத்துலயும் எவனும் எயுப்புனது கெடையாது."  தேசம்மாவின் உயிர் இந்த ஒரு மணி நேரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் கன்னியம்மாவை எழுந்திரு என்று அவள் சொல்லவில்லை. இரும்புக்காரர் மட்டும் சந்தோஷமாக வெற்றிலை போட்டுக்கொண்டார்.

எனக்கு மூளை பரபரத்தது. டர்பைனையே மூன்று தடவை சுற்றி வந்தேன். மூன்றாவது சுற்றில், இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்த எனக்கு, ஒன்று தோன்றியது. இந்தப் பெட்டி ஒரு பக்கம் இழுக்கிறது, இரண்டு பக்கம் விடுகிறது. மேலே புகைக்குழாய், அது டீசல் நாற்றம், மீனுக்கு ஆகாது. மேற்குப் பக்க ஜன்னல் வழியாக, ஜெனரேட்டரை ஆறவைத்துவிட்டு வெளியே வருகிற காற்று. அதில் டீசல் வாசனை கிடையாது. பில்டர் வழியாக வந்த சுத்தக் காற்று, வெதுவெதுப்பாக வரும். அந்தப் பக்கம் சுவரோரமாகப் பழைய வலைகளைக் குவித்திருந்ததால் யாரும் போய் நின்று பார்த்ததில்லை.

"கன்னியம்மா, ஒரே ஒரு நிமிஷம் ஓட்டறேன். மீனை மூடிவெச்சுட்டு எங்கூட வா. பிடிக்கலைன்னா திரும்ப இங்கயே வந்து உக்காந்துக்க. நானே உனக்கு ஈ ஓட்டறேன்."

அவள் யோசித்தாள். தார்ப்பாயை மடித்து மீனை மூடினாள். வலைகளை இழுத்துப் போட்டோம். டர்பைனைக் கிளப்பினேன். விசில் ஏறியது. அவள் கையைப் பிடித்து மேற்கு ஜன்னலுக்கு நேராக நீட்டினேன். அவள் வெறும் கையை நம்பவில்லை. முந்தானை நுனியை அங்கிருந்த தண்ணீரில் நனைத்துப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். எடுத்துத் தொட்டுப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தாள், அவள் அடுத்தவளுக்குக் கொடுத்தாள்.

"காஞ்சிகீது" என்றாள் கன்னியம்மா. "சூடாவும் கீது." கிழக்கே போய்த் தார்ப்பாயை மீனோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஏழுமலை கடிகாரத்தைப் பார்த்து, "இப்பலேர்ந்து கணக்கு" என்றார். ஐஸ் பேக்டரியைப் போட்டேன், குளிர் அறையைப் போட்டேன். டர்பைன் லேசாகக் குனிந்து, நிமிர்ந்துகொண்டது. ஒன்பதாவது நிமிடம் குனிந்து பார்த்தேன். முள் சிவப்புக் கோட்டுக்கு ரொம்பக் கீழே படுத்துக் கிடந்தது. இருபது, முப்பது. தேசம்மா முள்ளைப் பார்க்க மாட்டேன் என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்பதாவது நிமிடத்தில் எனக்குத் தைரியம் வந்து, கொட்டகைக்கு வெளியே வந்து யாருக்கும் தெரியாமல் ஒரு சின்ன ஆட்டம் போட்டேன். எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒரு மணி ஆனது. நிறுத்தச் சொல்லி ஏழுமலை கையைக் காட்டினார்.

தேசம்மா ஊருக்கு நடுவில் வந்து நின்றாள். யாரும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். "பொயல்ல இறாலு போனது மிஷினால இல்ல. என்னால. மீன அதும் வாயில காயவெக்க சொன்னது நான்." கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவள் குனியவில்லை.

ஏழுமலை தொண்டையைச் செருமினார். "இன்னிக்கு ஓடிச்சு, ஒத்துக்குறேன். அடுத்த பொயலுக்கும் இப்டியே ஓடும்னு இன்னா உறுதி? வித்துட்டு நிம்மதியா இருக்கலாமேன்றேன்." ஆண்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள்.  வாயைத் திறக்கப் போனேன். தேசம்மா என் கையை அழுத்தினாள்.

அவள் பெண்கள் பக்கம் திரும்பி, "மேக்கால காத்துக்குப் பாடு போடலாமா?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் ஒருத்தி நோட்டுத்தாளைக் கிழித்துவிட்டாள். கன்னியம்மாவுக்கு அடுத்து யார் என்று பேர் எழுதி, மடித்து, ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கினார்கள். இந்தத் தடவை சங்கத்தில் இல்லாத வீடுகளும் பேர் கொடுத்தன. ஊர் முன்னால் ஒவ்வொரு சீட்டாக எடுத்து, வாரத்தையும் பேரையும் உரக்கப் படித்தார்கள். பதினோராவது வாரத்துக்கு வந்த பேரைக் கேட்டதும் ஏழுமலை திரும்பி அவர் மனைவியைப் பார்த்தார். அந்தம்மா கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சீட்டும் முடிந்தது. இரும்புக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டு, "அப்ப நான் வெட்ட ஆரம்பிக்கட்டா?" என்று கேட்டார்.

ஏழுமலை கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னாத்த வெட்டுவ? பேரு வியுந்த பாட்ட எவனால விக்க முடியும்? எங்க ஊட்டுக்கே பதினோராவது வாரம்தான் வருது. நீ கெளம்புப்பா."